ப்ராக் ராக்கின் உட்பிரிவுகளைப் பிரித்தறிவது எப்படி? புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ப்ராக்ரஸிவ் ராக் கேட்கத் தொடங்கும் எவரையும் முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். சிம்ஃபோனிக் ப்ராக், கேன்டர்பரி, க்ரவுட்ராக், ஸொய்ல், ஆர்.ஐ.ஓ., நியோ ப்ராக், எக்லெக்டிக், க்ராஸ்ஓவர், ப்ராக் மெட்டல் என்று ரசிகர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரே ஆல்பத்தை ஒருவர் ஒரு பெட்டியில் போடுவார்; இன்னொருவர் அதை எடுத்து வேறு பெட்டியில் போட்டுவிட்டு வாதத்துக்கு நிற்பார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எளிமையானது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே அளவுகோலால் அளந்து வைத்தவை அல்ல. ஒரு பெயர் இசையின் கட்டமைப்பைச் சொல்கிறது, இன்னொன்று ஊரைச் சொல்கிறது. வேறொன்று காலத்தை, மற்றொன்று ஓர் அரசியல் நிலைப்பாட்டை, இன்னும் ஒன்று ஒரே ஒரு குழுவின் வழிவந்தவர்களை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். மீதியைக் காதால்தான் தீர்க்க வேண்டும். அதற்கு நான் பரிந்துரைக்கும் வழிமுறை இது.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி

1960களின் பின்பாதியில் பிரிட்டனில் சில ராக் குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டைத் தாண்டி யோசிக்க ஆரம்பித்தன. மூடி ப்ளூஸ் 1967 நவம்பரில் வெளியிட்ட 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' ஆல்பத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாளின் விடியலிலிருந்து இரவு வரை பாட்டுகளைக் கோத்தது. 1969 அக்டோபரில் கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பமான 'இன் தி கோர்ட் ஆஃப் தி க்ரிம்சன் கிங்' வந்தது. ப்ராக் முழு உருவத்தோடு வெளிப்பட்டது அதில்தான் என்று பெரும்பாலான ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. அதற்கு முந்தைய முயற்சிகளை ப்ரோட்டோ ப்ராக் என்று தனியாக வைப்பது வழக்கம்.

எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிவு செய்யலாம். அந்த முழுப் பக்கத்தையும் ஒரே படைப்புக்குக் கொடுத்தால் என்ன என்ற துணிச்சல்தான் 1970களின் தொடக்க ஆண்டுகளை இவ்வளவு வளமாக்கியது. ஜெத்ரோ டல் 1972இல் 'திக் அஸ் எ ப்ரிக்' ஆல்பத்தில் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே பாட்டாகவே போட்டுவிட்டது. அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கும் போனது.

முதல் படி: பெயர் எதை அளக்கிறது என்று கேளுங்கள்

ஒரு உட்பிரிவின் பெயரைக் கேட்டதும், 'இது எப்படி ஒலிக்கும்?' என்று உடனே கேட்காதீர்கள். 'இந்தப் பெயர் எதை வைத்து வந்தது?' என்று கேளுங்கள். சிம்ஃபோனிக் ப்ராக் என்றால் இசையின் கட்டுமானம். கேன்டர்பரி என்றால் ஒரு ஊரும் அங்கே பழகிய நண்பர் கூட்டமும். இத்தாலிய ப்ராக் என்றால் நாடும் மொழியும். நியோ ப்ராக் என்றால் 1980களின் தலைமுறை. ஆர்.ஐ.ஓ. (ராக் இன் ஆப்போஸிஷன்) என்றால் இசை வணிகத்தை எதிர்த்துச் சேர்ந்த ஒரு கூட்டணி. ஸொய்ல் என்றால் மாக்மா என்ற ஃப்ரெஞ்சுக் குழு.

இப்படிப் பார்த்தால், ஒரே ஆல்பம் இரண்டு பெட்டிகளுக்கும் பொருந்துவது ஏன் என்று விளங்கிவிடும். பி.எஃப்.எம். குழுவின் 1972 ஆல்பங்கள் கட்டுமானத்தில் சிம்ஃபோனிக், நாட்டில் இத்தாலி. இரண்டும் உண்மை. சண்டை போடுகிற இருவரும் வேறு வேறு அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: குழுவை விட்டுவிட்டு ஆல்பத்தைப் பிடியுங்கள்

'கிங் க்ரிம்சன் எந்த வகை?' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. 1969இல் மெலோட்ரான் என்ற கீபோர்டு அலையலையாக எழும் சிம்ஃபோனிக் இசை. 1973இல் வந்த 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' ஆல்பத்தில் வயலினும் கரடுமுரடான கிட்டாரும் விதவிதமான தாளக்கருவிகளும். 1974இன் 'ரெட்' பின்னாளைய மெட்டல்காரர்கள் பாடமாகவே படித்த கனமான ஆல்பம். 1981இல் 'டிசிப்ளின்' வந்தபோது இரண்டு கிட்டார்கள் இந்தோனேசிய கமெலான் இசைபோலச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பின்னிக்கொள்கின்றன. இத்தனையிலும் மாறாமல் இருந்தவர் ராபர்ட் ஃப்ரிப் ஒருவர் மட்டும்.

ஜெனிஸிஸும் அப்படித்தான். 1972இன் 'ஃபாக்ஸ்ட்ராட்' கேட்டுவிட்டு 1986இன் 'இன்விஸிபிள் டச்' போட்டால் ஒரே குழு என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

ப்ராக்ஆர்கைவ்ஸ் போன்ற தளங்கள் ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி என்று ஒதுக்குகின்றன. ஆயிரக்கணக்கான குழுக்களை அடுக்க அது வசதிதான். ஆனால் அந்த முறையில் கிங் க்ரிம்சன், ஜென்டில் ஜயன்ட், வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டர் போன்ற அடங்காத குழுக்களை வைக்க 'எக்லெக்டிக்' என்று ஒரு பெட்டி தேவைப்பட்டது. அந்தப் பெயர் இசையைப் பற்றி அதிகம் எதுவும் சொல்வதில்லை. 'இவர்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை' என்பதை மட்டும் சொல்கிறது. 'க்ராஸ்ஓவர்' என்பது பாப் இசையோடு கைகோத்துப் போகும் ப்ராக்கை வைக்கிற இடம். இந்த இரண்டு பெயர்களையும் பார்த்தால் பெட்டியை மறந்துவிட்டு நேராக ஆல்பத்துக்குப் போங்கள்.

ஆகவே குறிப்பேட்டில் குழுவின் பெயருக்குக் கீழே ஒரே வகையை எழுதாதீர்கள். ஆல்பம், ஆண்டு, அதன் பக்கத்தில் வகை. இந்தப் பழக்கம் பின்னால் மிகவும் உதவும்.

மூன்றாம் படி: தாளத்தை எண்ணுங்கள்

ப்ராக் என்றாலே சிக்கலான தாளம் என்று ஒரு பேச்சு உண்டு. சரி, எண்ணிப் பார்த்துவிடலாம். பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'இல் உள்ள 'மணி' பாட்டில் தொடங்குங்கள். காசு விழுகிற சத்தமும் கல்லாப்பெட்டியின் சத்தமும் ஏழு எண்ணிக்கையில் சுழலும்; அதன்மேல் பேஸ் கிட்டார் அதே ஏழில் வந்து உட்காரும். மிஸ்ர சாப்பு போட்டுப் பழகிய கைகளுக்கு ஏழு புதிதல்ல, சீக்கிரமே பிடிபட்டுவிடும். அப்புறம் கவனியுங்கள்: சாக்ஸஃபோன் வாசிக்கும்வரை ஏழு, கிட்டார் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தாளம் நாலுக்கு மாறி, பாட்டு திடீரென்று கட்டவிழ்ந்து ஓடும். அந்த மாற்றத்தை ஒரு முறை கையால் உணர்ந்துவிட்டால், தாளக் கணக்கு வெறும் வித்தை காட்டுவதற்கு அல்ல என்பது தெரிந்துவிடும்.

அடுத்து எமர்சன், லேக் அண்ட் பாமரின் 1971 படைப்பான 'டார்கஸ்'. முதல் பகுதி ஐந்தில் போகிறது. பிறகு ஜெனிஸிஸின் 'சப்பர்ஸ் ரெடி'யில் வரும் ஒன்பதின் பகுதி. தாளக் கணக்கையே தலைப்பில் வைத்திருக்கிறார்கள். டிரம்ஸும் பேஸும் ஒன்பதைப் பிடித்துக்கொண்டிருக்க, டோனி பாங்க்ஸின் கீபோர்டு அதைக் கண்டுகொள்ளாமல் மேலே தன் போக்கில் போகும்.

ஆனால் தாளத்தை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியின் நொய் குழு 1972இல் போட்ட 'ஹல்லோகல்லோ' பத்து நிமிடமும் நேரான நாலு எண்ணிக்கையிலேயே போகிறது. அதுவும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது.

நான்காம் படி: ஒரு நீண்ட படைப்பை உட்கார்ந்து கேளுங்கள்

சிம்ஃபோனிக் ப்ராக்கைப் புரிந்துகொள்ளாமல் மற்ற பெட்டிகளைப் புரிந்துகொள்வது கஷ்டம், ஏனென்றால் பல உட்பிரிவுகள் இதிலிருந்து எப்படி விலகுகின்றன என்பதை வைத்தே அடையாளம் காணப்படுகின்றன. ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம்.

யெஸ் குழுவின் 1972 ஆல்பமான 'க்ளோஸ் டு தி எட்ஜ்' முதல் பக்கம் முழுவதும் அதே பெயர் கொண்ட ஒரே படைப்பு. பதினெட்டு நிமிடத்துக்கும் மேல், நான்கு பகுதிகள். தண்ணீர் ஓடும் சத்தமும் பறவைச் சத்தமும் மெல்ல ஏறிவரும். திடீரென்று ஸ்டீவ் ஹவின் கிட்டார் வெடித்துச் சிதறும். எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு வேறு திசையில் ஓடுவதுபோல இருக்கும். அந்தக் களேபரம் அடங்கி ஒரு மெட்டு தெளிவாக வெளிவரும். அதை மனசில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியில் எல்லாம் அமைதியாகி, மெல்லிய குரல்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். அதன் நடுவே ரிக் வேக்மேன் வாசிக்கும் தேவாலய ஆர்கன் பிரம்மாண்டமாக எழும். கடைசிப் பகுதியில் முன்பு கேட்ட பல்லவி திரும்பி வரும்போது அது பழைய பல்லவியாக இருக்காது. வேகம் அதே, சொற்களும் கிட்டத்தட்ட அதே. ஆனால் அடியில் உள்ள இசை விரிந்து, உச்சிக்குப் போய் நிற்கும். பிறகு மறுபடியும் பறவைகள்.

இந்தக் கட்டுமானம்தான் சிம்ஃபோனிக் என்பதன் உயிர். கருப்பொருளான ஒரு மெட்டு வருகிறது, மறைகிறது, உருமாறித் திரும்புகிறது. ஆர்கெஸ்ட்ரா இருப்பதும் இல்லாததும் இரண்டாம்பட்சம். இதே யெஸ் 1970இல் 'டைம் அண்ட் எ வேர்ட்' ஆல்பத்தில் நிஜமான ஆர்கெஸ்ட்ராவையே வைத்துப் பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஐந்தே பேர் வாசித்த 1972 ஆல்பம்தான் சிம்ஃபோனிக்காக ஒலிக்கும்.

ஆர்கெஸ்ட்ரா இல்லாமலேயே அந்த விரிவைக் கொண்டுவர உதவியது மெலோட்ரான். பார்க்கச் சாதாரணக் கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு இருக்கும். அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ மனிதக் குரல்களோ முன்பே பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். எட்டு விநாடியோடு நாடா தீர்ந்துவிடும், கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். அதனால் மெலோட்ரான் வாசிப்பவர் சுரங்களை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம். நாடா லேசாக இழுபடுவதால் சுருதி கொஞ்சம் ஆடும். நிஜ வயலின் கூட்டத்தில் இல்லாத ஒரு ஏக்கம் அதில் வருவது அந்த ஆட்டத்தால்தான். ஜெனிஸிஸின் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் முதல் ஒன்றரை நிமிடம் இதற்கு நல்ல உதாரணம். அந்த ஒலியை ஒரு முறை தெரிந்துகொண்டால் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: ஊரை விசாரியுங்கள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள கேன்டர்பரி நகரத்தில் 1960களின் நடுவில் வைல்ட் ஃப்ளவர்ஸ் என்றொரு இளைஞர் குழு இருந்தது. அந்தப் பெயரில் அவர்கள் அப்போது ஆல்பம் எதுவும் போடவில்லை. ஆனால் அதிலிருந்து பிரிந்தவர்களால் சாஃப்ட் மெஷின், கேரவான் என்று இரண்டு குழுக்கள் உருவாயின. அந்த வட்டத்துக்குள் ஆட்கள் மாறி மாறிப் போய் ஹேட்ஃபீல்ட் அண்ட் தி நார்த், நேஷனல் ஹெல்த் என்று கிளைகள் விட்டன. சாஃப்ட் மெஷினில் இருந்த ஆஸ்திரேலியரான டேவிட் ஆலனுக்கு 1967இல் பிரிட்டனுக்குத் திரும்பி நுழைய அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஃப்ரான்ஸிலேயே தங்கி காங் குழுவைத் தொடங்கினார். ஆகவே கேன்டர்பரி என்பது ஊர்ப் பெயரில் தொடங்கி, யார் யாரோடு வாசித்தார் என்ற உறவுமுறையாக ஆகிவிட்டது.

ஒலியில் இதற்கு என்ன அடையாளம்? கேரவானின் 1971 ஆல்பமான 'இன் தி லேண்ட் ஆஃப் க்ரே அண்ட் பிங்க்' எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் 'நைன் ஃபீட் அண்டர்க்ரவுண்ட்', இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல். டேவ் சின்க்ளேர் ஆர்கனை ஃபஸ் பெட்டி வழியாக விட்டு, கரகரப்பான ஒலியில் கிட்டார்போல வாசிப்பார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ரிச்சர்ட் சின்க்ளேரின் குரலில் அலட்டலே இருக்காது. பேசுவதுபோல இயல்பான இங்கிலாந்து உச்சரிப்பில் பாடுவார். ஜாஸ் சாயல் உண்டு, ஆனால் பகட்டு இல்லை. யெஸ் ஒரு மலையுச்சிக்கு ஏறினால் கேரவான் தோட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். கனமான ஜாஸ் பக்கத்தைக் கேட்க வேண்டுமானால் சாஃப்ட் மெஷினின் 1970 ஆல்பமான 'தேர்ட்'. இரண்டு தட்டுகள், நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு படைப்பு.

இத்தாலிக்கு வருவோம். பிரிட்டிஷ் ப்ராக் குழுக்களைச் சொந்த நாட்டுக்கு முன்னால் கொண்டாடிய நாடு அது. வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டரின் 1971 ஆல்பமான 'பான் ஹார்ட்ஸ்' இத்தாலியப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த ஆர்வத்திலிருந்து எழுந்த உள்ளூர்க் குழுக்கள் இத்தாலிய மொழியில் பாடின, தங்கள் ஆபெரா மரபின் குரல் பாவத்தையும் கொண்டுவந்தன. பாங்கோ தெல் முத்துவோ சொக்கோர்சோ குழுவின் பாடகர் ஃப்ரான்செஸ்கோ தி ஜியாகோமோவின் குரலைப் பரிணாமத்தைப் பற்றிய 1972 ஆல்பமான 'டார்வின்!'இல் கேளுங்கள். அப்படி ஒரு குரல் பிரிட்டிஷ் ப்ராக்கில் கிடையாது. பி.எஃப்.எம்.மின் 'இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்ப்ரே'யில் பல்லவி வரவேண்டிய இடத்தில் குரல் நின்றுவிடும். மூக் சின்தசைசர் அந்தப் பல்லவியைப் பாடும். ஆங்கிலப் பதிப்புகளும் உண்டு, ஆனால் தொடங்குபவர்கள் இத்தாலிய மொழிப் பதிவையே கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மொழியை எடுத்துவிட்டால் இந்த வகையின் பாதி போய்விடும்.

ஜெர்மனியின் கதை வேறு. க்ரவுட்ராக் என்பது பிரிட்டிஷ் பத்திரிகைகள் பரப்பிய பெயர்; ஜெர்மானியரைக் கேலியாகக் குறிக்கும் சொல் அதில் இருக்கிறது. ஃபௌஸ்ட் குழு 1973இல் அந்தப் பெயரையே ஒரு பாட்டுக்குத் தலைப்பாக வைத்துத் திருப்பிக் கொடுத்தது. இந்தப் பெட்டிக்குள் மூன்று நகரங்களின் மூன்று விதமான இசை இருக்கிறது. கொலோனில் கான் குழு: 'டாகோ மாகோ' ஆல்பத்தில் யாகி லீபட்ஸைட் டிரம்ஸில் ஒரே வட்டத்தைப் பதினெட்டு நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் அதன்மேல் ஒலிகளைத் தூவுவார்கள். ட்யூசல்டார்ஃபில் நொய்: நேர்கோட்டில் ஓடும் நாலு எண்ணிக்கை. பெர்லினில் டேன்ஜரின் ட்ரீம்: 1974இன் 'ஃபீட்ரா'வில் டிரம்ஸ் இல்லாமல், சுரங்களைத் தானாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் சீக்வென்ஸரே தாளமாகத் துடிக்கும். இந்தப் பெர்லின் இசையைப் பலர் 'ப்ராக்ரஸிவ் எலக்ட்ரானிக்' என்று தனியே வைக்கிறார்கள், அதுதான் சரி என்று நினைக்கிறேன். யெஸ் வழியில் மெட்டை உருமாற்றுவது இங்கே யாருக்கும் நோக்கமில்லை. ஒன்றையே நிலைநிறுத்தி, அதற்குள் கேட்பவரை இழுத்துக்கொள்வதுதான் நோக்கம்.

ஆறாம் படி: கடினமான பெட்டிகளை வரலாற்றோடு சேர்த்துத் திறங்கள்

ஆர்.ஐ.ஓ.வையும் ஸொய்லையும் புதியவர்கள் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். இசை முரடானது என்பது ஒரு காரணம். வரலாறு தெரியாமல் கேட்பது இன்னொரு காரணம்.

1978 மார்ச் 12ஆம் தேதி லண்டனின் நியூ லண்டன் தியேட்டரில் ஒரு கச்சேரி நடந்தது. ஏற்பாடு செய்தது இங்கிலாந்தின் ஹென்றி கவ் குழு. கூட வந்தவர்கள் இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ், ஸ்வீடனின் சாம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவர் ஸீரோ, ஃப்ரான்ஸின் எட்ரான் ஃபூ லலூப்லான். இசைத்தட்டு நிறுவனங்கள் நீங்கள் கேட்கக் கூடாது என்று நினைக்கும் இசை என்பதே அவர்களின் முழக்கம். 'ராக் இன் ஆப்போஸிஷன்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட குழுக்கள், ஆங்கிலத்தில் பாடாததால் பிரிட்டனில் வாய்ப்பே கிடைக்காத குழுக்கள், ஒன்றுக்கொன்று கச்சேரி ஏற்பாடு செய்து தருவதற்காகச் சேர்ந்தார்கள். யூனிவர் ஸீரோவின் இசையில் பஸூன் என்ற ஊதுகருவியும் வயலினும் இருண்ட சேம்பர் இசையாக ஒலிக்கும். சாம்லாவில் லார்ஸ் ஹோல்மரின் அக்கார்டியன் நாட்டுப்புறக் குதூகலத்தோடு துள்ளும். ஒலியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டணி சில ஆண்டுகளில் கலைந்துவிட்டது. பெயர் மட்டும் தங்கி, ஹென்றி கவையும் யூனிவர் ஸீரோவையும்போல ஒலிக்கும் எல்லாவற்றுக்கும் வகைப்பெயராகிவிட்டது. ஒலியை மட்டும் சொல்ல விரும்புகிறவர்கள் 'அவாண்ட் ப்ராக்' என்பார்கள். நீங்களும் அதையே பயன்படுத்துங்கள். அந்தக் கூட்டணியில் இருந்தவர்களுக்கு மட்டும் ஆர்.ஐ.ஓ. என்ற பெயரை விட்டுவையுங்கள்.

ஸொய்ல் அதற்கு நேர் எதிர். எல்லாமே ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. பாரிஸில் 1969இல் டிரம்ஸ் கலைஞர் க்ரிஸ்டியான் வாண்டேர் மாக்மா குழுவைத் தொடங்கினார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை உயிராக நேசித்தவர். பாடுவதற்காகக் கோபையன் என்று ஒரு மொழியையே உருவாக்கினார். ஸொய்ல் என்பதும் அந்த மொழிச் சொல்தான். 1973இன் 'மெக்கானிக் டெஸ்ட்ரக்டிவ் கொமாண்டோ' ஆல்பத்தில் ஒரே சொற்றொடரைக் குரல் கூட்டம் மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொல்லும், பேஸ் உறுமும், வேகம் ஏறிக்கொண்டே போகும். மாக்மாவைக் கேட்டுவிட்டால் ஸொய்ல் தெரிந்துவிடும். இதே வழியில் ஜப்பானின் கோயென்ஜி ஹியாக்கெய் பல ஆண்டுகளுக்குப் பிறகு இன்னும் வெறித்தனமான வேகத்தில் போனது.

ஏழாம் படி: காலத்தைக் கவனியுங்கள்

1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு புதிய தலைமுறை வந்தது. மரில்லியன், ஐ.க்யூ., பென்ட்ராகன், பல்லாஸ். இவர்கள் 1970களின் ஜெனிஸிஸைக் கேட்டு வளர்ந்தவர்கள், இடையில் பங்க் இசையையும் பார்த்தவர்கள். மரில்லியனின் முதல் ஆல்பமான 'ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்' 1983இல் வந்தது. சின்தசைசர் பளிச்சென்று இருக்கும், கிட்டார் நீளமாகப் பாடும், வரிகள் தேவதைக் கதைகளை விட்டுவிட்டு காதல் முறிவையும் குடியையும் பேசும். மெலோட்ரானின் ஆடும் ஒலி கிட்டத்தட்ட போய்விட்டது. 1982இல் வந்த மரில்லியனின் 'க்ரெண்டல்' என்ற பதினேழு நிமிடப் பாட்டை, மேலே சொன்ன 'சப்பர்ஸ் ரெடி'யோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 'க்ரெண்ட'லின் கடைசிப் பகுதியில் கடன் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படையாகத் தெரியும். நியோ ப்ராக் என்ற பெயரைச் சிலர் மட்டம்தட்டவே பயன்படுத்துகிறார்கள். அது அநியாயம். ப்ராக் செத்துப்போனதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் 1985இல் 'மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட்' என்ற தொடர்கதை ஆல்பத்தைப் பிரிட்டிஷ் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது இந்த மரில்லியன்தான்.

ப்ராக் மெட்டலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. கனடாவின் ரஷ் 1976இல் '2112' ஆல்பத்தில் கனமான ராக்கையும் இருபது நிமிடக் கதையையும் சேர்த்து வழி காட்டியது. பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் சந்தித்தவர்கள் தொடங்கிய ட்ரீம் தியேட்டர் 1992இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தால் இந்த வகைக்கு ஒரு முன்மாதிரி கொடுத்தது. கிட்டாரின் கனம் பாட்டின் அடித்தளமா, அல்லது அவ்வப்போது வந்துபோகும் வண்ணமா என்று மட்டும் பாருங்கள். அடித்தளம் என்றால் மெட்டல். வண்ணம் என்றால் ஹெவி ப்ராக்.

எல்லையில் நிற்பவை

நாட்டுப்புற இசை சார்ந்த ப்ராக் ஃபோக், ஜாஸ் ராக் இரண்டிலும் எல்லை எப்போதும் மங்கலாகவே இருக்கும். க்ரம்ஹார்ன் போன்ற பழங்காலக் கருவிகளையும் பஸூனையும் வைத்துக்கொண்டு வந்த க்ரிஃபன் குழு ஃபோக்கா, சிம்ஃபோனிக்கா? அவர்களின் 1974 ஆல்பங்களில் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

ஜாஸ் ராக்கில் நமக்கு நெருக்கமான ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவோடு 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' வெளியிட்டார். மின்சாரக் கிட்டார், வயலின், டிரம்ஸ், நம்ப முடியாத வேகம். அதை ப்ராக் வட்டாரத்தில் வைக்க யாரும் தயங்குவதில்லை. அதே மனிதர் சில ஆண்டுகளில் ஒலிபெருக்கிகளின் முழக்கத்தை விட்டுவிட்டு வயலின் எல். ஷங்கர், தபலா ஜாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் உட்கார்ந்தார். முதல் ஆல்பம் 1976இல் வந்தது. 'இந்தோ ப்ராக்' என்றொரு பெட்டி இருக்கிறதுதான். ஆனால் கொன்னக்கோல் கணக்கும் கடத்தின் நாதமும் முழுக்கக் கர்நாடக மரபிலிருந்து வரும் இசையில் ராக் எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால் சக்தியை ப்ராக்கின் பக்கத்து வீடாக வைப்பேன். கட்டாயம் கேட்க வேண்டிய பக்கத்து வீடு.

கடைசிப் படி: நீங்களே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

கேமல் குழுவின் 1975 ஆல்பமான 'தி ஸ்னோ கூஸ்' போட்டுக்கொள்ளுங்கள். வரிகளே இல்லாத ஆல்பம் என்பதால் பயிற்சிக்கு உகந்தது. குறிப்பேட்டில் ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள்: 1975, இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட். எந்தெந்தக் கருவிகள்? ஆர்கன், சின்தசைசர், ஆண்ட்ரூ லாடிமரின் கிட்டாரும் புல்லாங்குழலும், அங்கங்கே ஆர்கெஸ்ட்ரா. பறவையைக் குறிக்கும் மெட்டு முதல் பக்கத்தில் எங்கே வருகிறது, இரண்டாம் பக்கத்தில் எப்படித் திரும்புகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தர்க்கத்தைப் பாருங்கள். மென்மையான ஒலியும் புல்லாங்குழலும் கேட்டு சிலர் இதைக் கேன்டர்பரி என்பார்கள். கேரவானின் ரிச்சர்ட் சின்க்ளேர் இந்தக் குழுவில் சேர்ந்ததும் உண்மை. ஆனால் அவர் வந்தது 1977இல். இந்த ஆல்பத்தில் அவர் இல்லை. ஊரும் அது இல்லை. மறுபக்கம், கருமெட்டுகள் மறைந்து உருமாறித் திரும்பும் கட்டுமானம் இங்கே தெளிவாக இருக்கிறது. ஆகவே 'தி ஸ்னோ கூஸ்' சிம்ஃபோனிக். 1977இன் 'ரெயின் டான்ஸஸ்' ஆல்பத்துக்கு வரும்போது அதே கேள்விகளை முதலிலிருந்து கேளுங்கள். பதில் அவ்வளவு எளிதாக வராது.